உப்புக்கு வாசம் கிடையாது

எங்கள் வீட்டுக்கு வந்த நோயை முதலில் கண்டுபிடித்தவர், ஒரு கல்யாண வீட்டில் சாப்பிட உட்கார்ந்திருந்த மாப்பிள்ளையின் தாய்மாமா. இரண்டு வாய் பிரியாணி சாப்பிட்டவர் தட்டிலிருந்து நிமிர்ந்து, பரிமாறிக்கொண்டிருந்தவர்களைத் தாண்டி என் கணவரைப் பார்த்துச் சத்தமாகக் கேட்டாராம்.

"என்ன பாய், இது கல்யாணச் சோறா, பிள்ளை பெத்தவளுக்கு ஆக்குன பத்தியச் சோறா?"

பந்தியே சிரித்திருக்கிறது. என் கணவர் சிரிக்கவில்லை. அவர் கல்யாணச் சமையல் மாஸ்டர். மேலப்பாளையத்தில் எங்கள் தெருவைச் சுற்றி நடக்கிற கல்யாணங்களில் பாதிக்கு அவர்தான் அண்டா ஏற்றுவார். அவருடைய பிரியாணியைப் பற்றி அதுவரை யாரும் ஒரு குறை சொன்னதில்லை. அன்றைக்கு வீட்டுக்கு வந்தவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

கூடவே வந்தவர் சீவலப்பேரி அண்ணாச்சி. ஆற்றோரத்தில் நெல் போடுகிற விவசாயி. வயலில் வேலை இல்லாத நாட்களில் என் கணவரோடு சமையலுக்கு வருவார். வெங்காயம் வெட்டுவதில் ஆரம்பித்தவர், பிறகு அடுப்பு பார்க்க, கிண்ட, தம் போட எல்லாம் கற்றுக்கொண்டார். பல வருடப் பழக்கத்தில் எங்கள் வீட்டு ஆள் மாதிரி ஆகிவிட்டார். என்னை, அண்ணியைக் கூப்பிடுவது போல, மைனி என்றுதான் கூப்பிடுவார். அவர்தான் அன்றைக்கு விஷயத்தை உடைத்தார்.

"மைனி, இவரு இப்பல்லாம் மசாலாவை வாயில வச்சுப் பாக்கவே மாட்டேங்காரு. நாக்கு நுனியில தொட்டுட்டுத் துப்பிருதாரு. மொளகா வத்தல் பட்டாலே கண்ணுல தண்ணி வருது. பொறவு காரம் எப்படி நிக்கும்?"

"சவத்த விடும்வே. உடம்புல சூடு. மோர் குடிச்சாச் சரியாயிரும்" என்றார் என் கணவர்.

எனக்கு அப்போதுதான் சில விஷயங்கள் உறைத்தன. கொஞ்ச நாளாக அவர் ரசத்தை ஆற வைத்துத்தான் குடித்தார். ஊறுகாயைத் தொடவில்லை. இடது பக்கம் மெல்லுவதை விட்டுவிட்டிருந்தார். ஆனால் அந்த இடது கன்னத்தில் புகையிலை மட்டும் வழக்கம்போல் இருந்தது. அடுப்பு முன்னால் நிற்கிற வேலையில் பசி தெரியக்கூடாது, தூக்கம் வரக்கூடாது என்று சமையல்காரர்கள் எல்லோருமே வெற்றிலையும் புகையிலையும் போடுவார்கள். உப்புப் பார்க்கிற நேரத்துக்கு மட்டும் துப்பி, வாய் கொப்பளித்து, ருசி பார்த்துவிட்டு மறுபடி ஒதுக்கிக்கொள்வார்கள். நானும் அதைத் தப்பாக நினைத்ததில்லை. நான் பீடி சுற்றுகிறவள். மடியில் பீடித்தட்டு இல்லாத வீடு எங்கள் தெருவில் குறைவு. புகையிலைத் தூள்தான் எங்களுக்கு அரிசி வாங்கித் தந்தது. அது நம்மை ஏதாவது செய்யும் என்று யாருக்குத் தோன்றும்?

எங்கள் மகள் அப்போது பாளையங்கோட்டையில் காலேஜில் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தாள். அவள் செல்போன் டார்ச்சை அடித்து, "வாப்பா, ஆன்னு காட்டுங்க" என்றாள். அவர் மாட்டேன் என்றார். அண்ணாச்சி அவர் தாடையைப் பிடித்துக்கொண்டார். கன்னத்தின் உள்பக்கம் பால் ஆடை ஒட்டியது போல ஒரு வெள்ளைத் தடம், அதன் ஓரத்தில் சிவப்பாக ஒரு புண். மகள் விளக்கை அணைத்துவிட்டு உள்ளே போனாள்.

பிறகு கொஞ்ச நாள் தேன் தடவினார், நெய் தடவினார். மணத்தக்காளிக் கீரையாக ஆக்கிப் போட்டேன். புண் அப்படியே இருந்தது. ஒரு திங்கட்கிழமை காலையில் மகள் காலேஜ் பையை மாட்டாமல் வந்து அவர் முன்னால் நின்றாள்.

"வாப்பா, நான் இன்னைக்கு லீவு போட்டாச்சு. நீங்க ஆஸ்பத்திரிக்கு வாரியளா, இல்ல ஒரு டாக்டரம்மாவ நான் இங்கன கூட்டிட்டு வரட்டா?"

டாக்டரம்மா வந்தால் தெருவே கூடிவிடும் என்ற பயத்தில் அவர் கிளம்பினார். நானும் போனேன். அரசு ஆஸ்பத்திரியில் பல் பிரிவில் இருந்த டாக்டரம்மா சின்ன வயதுப் பெண்தான். முகத்தில் எப்போதும் ஒரு சிரிப்பு. வாயைப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"எவ்வளவு காலமா புகையிலை போடுறீங்க?"

"கல்யாணத்துக்கு முந்தியே இருந்து."

"யாரு கல்யாணத்துக்கு?" என்று கேட்டுவிட்டேன். வருடம் முழுக்கக் கல்யாணத்திலேயே இருக்கிற மனுஷன் இப்படிச் சொன்னால் அந்தப் பிள்ளைக்கு என்ன விளங்கும்? டாக்டரம்மா பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தார். அந்த அறையில் பயம் கொஞ்சம் இறங்கியது.

துளி சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வந்த அன்று டாக்டரம்மா நாற்காலியை இழுத்து எங்கள் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்.

"புற்றுநோய்தான். ஆனா சின்னதா இருக்கும்போதே வந்துட்டீங்க. இதை எடுத்துட்டா நல்லா இருப்பீங்க. புகையிலைய மட்டும் இன்னையோட விட்டுடணும்."

என் கணவர் இடுப்பிலிருந்து பொட்டலத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். அவர் அதை அவ்வளவு மரியாதையாக வைத்ததைப் பார்த்து டாக்டரம்மா, "இதை நான் என்னங்க பண்றது?" என்றார்.

நான் அன்றைக்கு அழுதேன். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் 'சின்னதா இருக்கும்போதே' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டே பஸ் ஏறினேன்.

புற்றுநோய் ஒரு வீட்டைக் காலி பண்ணிவிடும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அரசாங்கக் காப்பீட்டு அட்டை எங்களிடம் இருந்தது, ஆபரேஷனுக்கு நாங்கள் பணம் கட்டவில்லை. அதனால் தப்பித்தோம் என்று நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, வைத்தியத்துக்கு இல்லை செலவு, வைத்தியத்தைச் சுற்றித்தான் செலவு. ஆபரேஷனுக்குப் பிறகு கரண்டு வைக்க வேண்டும் என்று வெளியூர் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். கதிர் சிகிச்சையை எங்கள் பக்கம் கரண்டு வைப்பது என்றுதான் சொல்வார்கள். வாரக்கணக்கில் அங்கேயே தங்க வேண்டும். தங்க அறை, அந்த அறையில் கஞ்சி காய்ச்ச ஒரு ஸ்டவ், அவருக்கு விழுங்குகிற மாதிரி பால், சத்துமாவு, இளநீர். கூட இருக்கிற எனக்குச் சாப்பாடு. நான் அங்கே இருந்தால் பீடி சுற்றுவது நின்றுபோகும். அவர் படுத்தால் அண்டா ஏறாது. அந்த வருடத்துக் கல்யாண சீசன் முழுவதும் எங்கள் வாசலைத் தாண்டிப் போனது. ஒரு பக்கம் கை நீட்டிக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும், மறுபக்கம் வரவு என்று ஒன்றுமே இல்லை. அந்தக் கணக்குத்தான் வீட்டைக் காலி பண்ணுகிறது.

சொந்தக்காரர்கள் வந்து பார்த்தார்கள். பழம் வாங்கி வந்தார்கள், துஆ செய்தார்கள். போகும்போது, அந்த அண்டாக்களை விற்றால் என்ன என்று யோசனையும் சொன்னார்கள். கேட்டவுடன் என் கணவர், பேச முடியாத வாயோடு, எழுந்து போய் அண்டாக்கள் இருந்த அறையைச் சாத்திவிட்டு வந்தார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

மகள்தான் என்னைப் பயமுறுத்தினாள். "உம்மா, நான் காலேஜை நிறுத்திட்டு டவுண்ல துணிக்கடை வேலைக்குப் போறேன். அடுத்த வருஷம் பாத்துக்கிடலாம்" என்று சாதாரணமாகச் சொன்னாள்.

"அடுத்த வருஷம்னு போனவுக யாரும் திரும்பி வந்ததில்ல. நீ போய்ப் படி. மத்தத நான் பாத்துக்கிடுதேன்" என்று சொல்லிவிட்டேன். எப்படிப் பார்த்துக்கொள்ளப் போகிறேன் என்று எனக்கே தெரியாது.

சிகிச்சை முடிந்து ஊருக்கு வந்தபோது அவர் மெலிந்திருந்தார். இடது கன்னம் கொஞ்சம் உள்வாங்கியிருந்தது. பேச்சு வாயில் பஞ்சு வைத்துக்கொண்டு பேசுவது போல வரும். நானும் மகளும் அண்ணாச்சியும் மட்டும்தான் புரிந்துகொள்வோம். எச்சில் ஊறாததால் எந்நேரமும் கையில் தண்ணீர் பாட்டில். எல்லாவற்றையும்விட அவரைச் சாய்த்தது வேறொன்று. எதைச் சாப்பிட்டாலும் ருசி தெரியவில்லை. கரண்டு வைத்ததில் நாக்கு செத்துப்போயிருந்தது. கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பும் என்று டாக்டர்கள் சொன்னார்கள், எப்போது என்று சொல்லவில்லை.

"மணல் தின்ன மாதிரி இருக்கு ஏளா" என்பார் என்னிடம். "இனிமே நான் யாருக்கு என்ன ஆக்கிப் போட?"

அந்த நேரத்தில்தான் டவுணில் ஜவுளிக்கடை வைத்திருந்த ஒருவர் வீட்டுக்கு வந்தார். அவர் மகள் கல்யாணத்துக்கு என் கணவர்தான் சமைக்க வேண்டும் என்று நோய் வருவதற்கு முன்பே பேசி முடித்திருந்தார். என் கணவர் கையெடுத்து, முடியாது, வேறு ஆளைப் பாருங்கள் என்று சாடையாகச் சொன்னார். வந்தவர் கேட்கவில்லை.

"மூத்தவ கல்யாணத்துக்கு நீர்தான் ஆக்கினீரு. சின்னவளுக்கு வேற ஆள வச்சா அவ என்னைச் சும்மா விடுவாளா? நீர் வந்து சும்மா உக்காந்தாக்கூடப் போதும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அண்ணாச்சி அப்போது எங்கள் வீட்டில்தான் இருந்தார். வயலிலிருந்து அரிசி கொண்டுவந்திருந்தார். சிகிச்சை தொடங்கியதிலிருந்து எங்கள் வீட்டில் அரிசிப் பானை காலியாக அவர் விட்டதில்லை. மூட்டையை இறக்கி வைத்துவிட்டு, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"இதுல யோசிக்க என்ன இருக்கு? கிண்டுததுக்கு நான் இருக்கேன். வாசம் புடிக்க பாயோட மூக்கு நல்லாத்தான இருக்கு. வெங்காயம் செவந்துச்சா, பூண்டு பச்சை வாசம் போச்சா, எல்லாம் மூக்குதான் சொல்லுது."

"உப்பு?" என்றார் என் கணவர்.

உப்புக்கு வாசம் கிடையாது. சமையல்காரன் எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும் உப்பை நாக்கில் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

"நீரு பாக்கக்கூடாதா?" என்று நான் அண்ணாச்சியைக் கேட்டேன்.

"மைனி, என் நாக்கு புகையிலை போட்டுப் போட்டு மரத்துக் கெடக்கு. என் பொண்டாட்டி என்னைக் கொழம்பு ருசி பாக்கச் சொல்லுததே இல்ல" என்றவர், என்னைப் பார்த்து, "நீங்க வாங்க" என்றார்.

நான் சிரித்துவிட்டேன். எங்கள் பக்கம் கல்யாண அடுப்புக்குப் பெண்கள் போவதில்லை. நான் ஆக்கியதெல்லாம் வீட்டில் இருக்கிறவர்களுக்குத்தான். ஆனால் என் கணவர் சிரிக்கவில்லை. பல நாட்களுக்குப் பிறகு அவர் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்ததை நான் பார்த்தேன்.

"வா ஏளா" என்றார். "ருசி மட்டும் சொல்லு. மத்தத நான் பாத்துக்கிடுதேன்."

கல்யாணத்தன்று விடியற்காலை சுபுஹு தொழுகை முடிந்ததும் மண்டபத்துக்குப் பின்னால் அடுப்பு மூட்டியாயிற்று. வேப்பமரத்தடியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு என் கணவரை உட்கார வைத்தோம். கழுத்தில் துண்டு, கையில் தண்ணீர் பாட்டில். கறி வெட்டுகிறவர், தேங்காய் துருவுகிறவர், பாத்திரம் கழுவுகிறவர் என்று எல்லோரும் புர்காவோடு நின்ற என்னைப் பார்த்து ஒதுங்கி ஒதுங்கிப் போனார்கள். எனக்குக் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

வெங்காயம் விழுந்ததும் எல்லாம் மாறியது. என் கணவர் கண்ணை மூடிக்கொண்டார். மூக்கு மட்டும் வேலை செய்தது. திடீரென்று கையைத் தட்டுவார். ஒரு தட்டு என்றால் தீயைக் குறை, இரண்டு என்றால் கிண்டு. அண்ணாச்சி அதற்கேற்ப ஓடுவார். இஞ்சிபூண்டு விழுந்தபோது அவர் கை தட்டவில்லை. அண்ணாச்சி அவசரப்பட்டுத் தக்காளியை எடுக்க, "பைய வே, பைய. இன்னும் பச்சை வாசம் போகல" என்று உறுமினார். அவ்வளவு தூரத்திலிருந்து அவருக்குத் தெரிந்தது.

கறி வெந்து, தண்ணீர் கொதித்து, அரிசி போடுவதற்கு முன்னால் என் முறை வந்தது. அண்ணாச்சி கரண்டியில் கொஞ்சம் ஊற்றி என் உள்ளங்கையில் விட்டார். சுற்றியிருந்தவர்கள் எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டு என் வாயைப் பார்த்தார்கள்.

"உப்புப் போதாது" என்றேன்.

"எவ்வளவு போதாது?" என்றார் என் கணவர்.

இதற்கு எப்படிப் பதில் சொல்வது? கொஞ்சம் என்றால் அவருக்கு எவ்வளவு கொஞ்சம்? அவரே வேறு மாதிரி கேட்டார்.

"நம்ம வீட்டு ரசம் அளவுக்கு இருக்கா, நோன்புக் கஞ்சி அளவுக்கு இருக்கா?"

அதுதான் திறவுகோல். எங்கள் வீட்டு ரசத்தில் உப்பு சுருக்கென்று நிற்கும். நோன்புக் கஞ்சியில் பட்டும் படாமல் இருக்கும். இரண்டும் என் கையால் ஆக்கியது, இரண்டும் அவர் நாக்கு அறிந்தது.

"கஞ்சிக்கு மேல, ரசத்துக்குக் கீழ."

"ரசத்தையும் தாண்டணும். அரிசி குடிச்சிரும்" என்று சொல்லிவிட்டு, உப்புச் சட்டியைக் கொண்டுவரச் சொல்லி, தன் கையாலேயே அள்ளிக் கொடுத்தார். போட்டோம். மறுபடி பார்த்தேன்.

"ரசத்தைத் தாண்டிட்டு!" என்று நான் கத்தியது மண்டபத்துக்குள் கேட்டிருக்கும். கறி வெட்டுகிறவர் கை தட்டினார். அது தீயைக் குறைக்கச் சொன்ன தட்டு என்று நினைத்து ஒருவர் விறகை இழுத்துவிட்டார். ஒரே களேபரம், ஒரே சிரிப்பு. என் கணவர் அந்த உள்வாங்கிய கன்னத்தோடு சிரித்ததை அன்றைக்குத்தான் முதல்முதலாகப் பார்த்தேன். கோணலாக இருந்தது. நன்றாகவும் இருந்தது.

மூடி போட்டு, மேலே நெருப்பு அள்ளி வைத்து, தம் உடைத்தபோது வாசத்துக்கே ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். பந்தியில் யாரும் பத்தியச் சோறு என்று சொல்லவில்லை. ஜவுளிக்கடைக்காரர் பின்பக்கம் வந்து என் கணவரின் தோளைப் பிடித்துக்கொண்டு, "நாக்கு போச்சுன்னு சொன்னீரே!" என்றார்.

என் கணவர் கையை நீட்டி என்னைக் காட்டினார். "அந்தா நிக்கி."

அதன் பிறகு ஆர்டர்கள் வர ஆரம்பித்தன. சின்னச் சின்ன விசேஷங்கள் முதலில், பிறகு கல்யாணங்கள். பீடித்தட்டைக் கழுவிக் காயவைத்துப் பரணில் போட்டேன். கூலிக்கு ஆள் வைத்த மாதிரி இல்லாமல் எனக்கும் பங்கு என்று அண்ணாச்சிதான் பேசி முடிவு செய்தார். மகளின் காலேஜ் நிற்கவில்லை. அவள் பங்குக்கு எங்களுடைய ஆர்டர்களையெல்லாம் செல்போனில் அவளே பேசினாள். யாராவது பேரம் பேசினால், "மாமா, எங்க வாப்பா மூக்குக்கும் உம்மா நாக்குக்கும் தனித்தனியாக் குடுக்கணும்லா" என்பாள்.

அண்ணாச்சி புகையிலையை விட்ட கதையையும் சொல்ல வேண்டும். என் கணவருக்கு ஆபரேஷன் நடந்த அன்றே விட்டுவிட்டேன் என்றார். அறுவடைச் சமயத்தில் மறுபடி வாய் சிவந்திருந்தது. நான் ஒன்றும் கேட்கவில்லை. அவர் மனைவி கேட்டாள். பொட்டலத்தை எடுத்து அவர் கண் முன்னாலேயே மாட்டுச் சாணிக்குழியில் புதைத்துவிட்டாள். பிறகு வறுத்த கொத்தமல்லி விதையை மடியில் கட்டிக்கொண்டு திரிந்தார். எரிச்சல், தலைவலி, யாரைப் பார்த்தாலும் கோபம். ஒரு வழியாக அந்தச் சமயத்தைத் தாண்டினார். ஒருநாள் வீட்டுக்கு வந்து நான் கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு, "மைனி, காப்பிக்கு இப்படி ஒரு ருசியா!" என்று தம்ளரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

என் கணவருக்கு நாக்கு எப்போது திரும்பியது என்று சரியாகச் சொல்ல முடியாது. இனிப்பு முதலில் வந்தது. டவுணிலிருந்து மகள் வாங்கி வந்த அல்வாவை வாயில் வைத்துக்கொண்டு விழுங்காமலே வெகுநேரம் இருந்தார். பிறகு புளிப்பு. காரம் இன்றும் அவ்வளவாகத் தாங்காது. ஒருநாள் மத்தியானம் தயிர்ச்சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் முகத்தைச் சுளித்தார்.

"என்ன ஏளா, உப்ப அள்ளிக் கொட்டி வச்சிருக்க?"

நான் அடுப்படியிலிருந்து ஓடிவந்தேன். என் சமையலை யாராவது குறை சொன்னதற்கு நான் அவ்வளவு சந்தோஷப்பட்டதே இல்லை. "திரும்பச் சொல்லுங்க" என்றேன். திரும்பச் சொன்னார். மகளைக் கூப்பிட்டு அவள் முன்னாலும் சொல்ல வைத்தேன். அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லிக்கொண்டே அந்தத் தயிர்ச்சோற்றை நானும் தின்று பார்த்தேன். உண்மையிலேயே உப்புக் கூடத்தான்.

கொஞ்ச நாளைக்கு ஒருமுறை பல் பிரிவுக்குப் போய்க் காட்டிவிட்டு வருவோம். ஒரு தடவை டாக்டரம்மா கேட்டார்.

"உங்ககூடச் சமைக்கிறவங்க எல்லாரும் புகையிலை போடுறவங்களா?"

"போடாதவன எண்ணுதது லேசு டாக்டரம்மா" என்றார் என் கணவர்.

"அப்ப கூட்டிட்டு வாங்க எல்லாரையும். பாக்குறதுக்குக் காசு கிடையாது. வாயைத் திறந்தாப் போதும்."

முஹர்ரம் மாதத்தில் எங்கள் பக்கம் கல்யாணங்கள் குறைவு. அந்த ஓய்வில் ஒருநாள் அண்டா ஏற்றுகிற வேனிலேயே எல்லோரும் கிளம்பினோம். கறி வெட்டுகிறவர், தேங்காய் துருவுகிறவர், பரிமாறுகிற ஆட்கள், கூடவே நானும் மகளும் என்று வேன் நிறைந்துவிட்டது. ஏறும்போது எல்லோரும் கல்யாண வீட்டுக்குப் போவது போலச் சத்தமாகத்தான் இருந்தார்கள். ஆஸ்பத்திரி வாசல் தெரிந்ததும் பேச்சு அடங்கியது. வரிசையில் நிற்கச் சொன்னால் ஒருவர் பின்னால் ஒருவர் ஒளிந்தார்கள். ஆட்டைத் தனியாளாகத் தூக்கிப் போடுகிற அந்தக் கறி வெட்டுகிறவர், டாக்டரம்மா கையிலிருந்த சின்னக் கண்ணாடியைப் பார்த்துப் பின்வாங்கினார்.

"வெட்ட மாட்டாங்கல்லா பாய்?"

"நீ வெட்டுத ஆளு, உன்னை யாரு வெட்டப்போறா? ஆன்னு காட்டு" என்று என் கணவர் அவர் பக்கத்தில் நின்று கையைப் பிடித்துக்கொண்டார்.

அந்த ஆளின் வாயில்தான் ஒரு வெள்ளைத் தடம் இருந்தது. டாக்டரம்மா நிதானமாகப் பார்த்தார். இது இன்னும் நோய் இல்லை என்றார். இப்போதே புகையிலையை விட்டு, சொன்ன நேரத்துக்கு வந்து காட்டினால் இதைத் தாண்டி வராமல் பார்த்துக்கொள்ளலாம் என்றார். அந்த ஆள் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். எனக்கு அந்த வெளியூர் அறையும், ஸ்டவ்வும், கைவிட்டுப் போன கல்யாண சீசனும் ஞாபகத்துக்கு வந்தன. இந்த மனுஷனின் வீட்டுக்கு அது எதுவும் வராமல் போகலாம். அதற்கு ஆன செலவு ஒரு காலைப்பொழுது, கொஞ்சம் டீசல்.

"நீங்க எப்ப காட்டினீங்க?" என்று டாக்டரம்மா என் பக்கம் திரும்பினார். எனக்கு வாயில் ஒன்றுமில்லை என்றேன். வாயைக் கேட்கவில்லை, பெண்களுக்கு என்று சில சோதனைகள் இருக்கின்றன, அடுத்த கட்டிடத்தில் என்றார். மகள் ஏற்கனவே என் கையைப் பிடித்து இழுக்க ஆரம்பித்திருந்தாள். வெட்கமாக இருந்தது, நர்ஸம்மா பேசிய பேச்சில் வெட்கம் போயிற்று. நான் பயந்த மாதிரி ஒன்றுமில்லை, சீக்கிரமே முடிந்தது. பிறகு வந்த முடிவும் நல்லபடியாகவே இருந்தது. நான் திரும்பி வந்தபோது ஆண்கள் எல்லோரும் மரத்தடியில் காத்திருந்தார்கள். "மைனிக்கும் வாயப் பாத்தாவளா?" என்று அண்ணாச்சி கேட்டார். நான் மகளோடு நிழலில் போய் உட்கார்ந்தேன். என் கணவர் மட்டும் என் முகத்தைப் பார்த்துவிட்டு, தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

அங்கிருந்து வேன் நேராகச் சீவலப்பேரிக்குப் போனது. அண்ணாச்சி வீட்டில் எங்கள் எல்லோருக்கும் சாப்பாடு. அவர் மனைவி ஆற்று மீனில் குழம்பு வைத்திருந்தாள். ஊருக்கெல்லாம் ஆக்கிப்போடுகிறவர்கள் வரிசையாக உட்கார்ந்து இன்னொருவர் கையால் சாப்பிட்டார்கள். பழக்கதோஷம் போகவில்லை. ஒருவர் புளி கொஞ்சம் முந்துகிறது என்றார், ஒருவர் தேங்காய் இன்னும் மையாக அரைத்திருக்கலாம் என்றார்.

"அப்ப நீங்களே ஆக்கித் தின்னுங்க" என்று அவள் குழம்புச் சட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். அத்தனை பேரும் தட்டோடு அவள் பின்னால் போய்க் கெஞ்சினார்கள். வெள்ளைத் தடம் இருந்த ஆள்தான் எல்லோரையும் முந்திக்கொண்டு போனார். என் கணவர் மட்டும் இடத்தைவிட்டு எழவில்லை. அவர் தட்டில் ஏற்கனவே இரண்டாவது தடவை மீன் இருந்தது.

சாப்பிட்டு முடித்ததும் ஆற்றில் குளிக்கலாம் என்று யாரோ சொன்னார்கள். ஆறுகள் சேருகிற இடத்தில் தண்ணீர் நிறைய ஓடிக்கொண்டிருந்தது. நானும் மகளும் அண்ணாச்சி மனைவியும் மேலே படித்துறையில் கால் நனைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். மகள் கடைசி வருடப் பரீட்சையைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். கீழே என் கணவர் கழுத்தளவு தண்ணீரில் நின்று, அண்ணாச்சி மேல் தண்ணீரை வாரி இறைத்துக்கொண்டிருந்தார். வேன் டிரைவர் கரையிலிருந்து ஆரன் அடித்துப் பார்த்தார். யாரும் ஏறி வரவில்லை. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தவர், சட்டையைக் கழற்றி ஸ்டியரிங்கில் போட்டுவிட்டு, அவரும் தண்ணீரில் இறங்கிவிட்டார்.